லாபம் இருக்கு, காசு எங்க டீச்சர்?

போன வருஷம் முதலாம் தவணையில் நடந்தது இது. பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் இனிப் போக வழியில்லை என்று திரும்புகிற இடத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை இருக்கிறது. அங்கே நான் கணிதம் படிப்பிக்கிறேன். ஊர் ஹட்டன். தினமும் விடிவதற்குள் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேருவேன். டவுனில் வளர்ந்தவள் என்பதால் தோட்டத்துப் பழக்கவழக்கங்கள் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு கதை.

தரம் ஒன்பதுக்கு அப்போது 'இலாபமும் நட்டமும்' பாடம். புத்தகத்தில் ஒரு வியாபாரி மாம்பழம் வாங்குவார், விற்பார், சில பழம் அழுகும், மிச்சத்தில் எவ்வளவு இலாபம் என்று கேட்பார்கள். எங்கள் குளிரில் மாமரமும் இல்லை, மாம்பழ வியாபாரியும் இல்லை. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். "கொட்டாவிக்கு எத்தனை வீதம் வட்டி?" என்று கத்தினேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன், "கூட்டு வட்டியா, சாதாரண வட்டியா டீச்சர்?" என்றான். அவனுக்கு ஒலிபெருக்கி வேண்டாம், மெதுவாகப் பேசினாலே அடுத்த வகுப்புக்குக் கேட்கும். இந்தக் கதையில் அவன் அடிக்கடி வருவான். பெயர் சொல்லப் போவதில்லை, பெருங்குரல் பையன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. அவள் அம்மா கொழுந்து எடுக்கிறவர். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, பண்டிகைக்குப் பண்டிகை வருவார். அதிகம் பேச மாட்டாள். ஆனால் கணக்கைப் பார்த்தால் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அது எந்த ஆசிரியருக்கும் பார்க்கக் கிடைக்க வேண்டிய காட்சி. கண்டியில் நடக்கும் மாகாண மட்டக் கணிதப் போட்டிக்கு எங்கள் பாடசாலையிலிருந்து நான்கு பேர் தெரிவாகியிருந்தார்கள். அதில் அவளும் ஒருத்தி. தரம் ஒன்பது வரைக்கும்தான் அந்தப் போட்டி. இந்த முறை விட்டால் அவளுக்கு மறுமுறை கிடையாது.

கண்டியில் காலை எட்டரைக்கு நிற்க வேண்டும். பஸ்ஸை நம்பிப் போனால் பரிசளிப்புக்குத்தான் போய்ச் சேரலாம். அதனால் பெற்றோரிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பஜாரில் ஒரு வேனுக்கு இருபதாயிரம் ரூபா பேசி வைத்திருந்தோம். காசு அதிபரின் அலுமாரியில் பத்திரமாக இருந்தது.

எங்கள் நாட்டுப் பாடசாலைகளில் சின்ன வகுப்புகளுக்கு மாணவர் சந்தை வைப்பது வழக்கம். பிள்ளைகள் மரக்கறி விற்பார்கள், அம்மாமார் வந்து வாங்குவார்கள், எல்லாரும் போட்டோ எடுப்பார்கள். "அந்தப் பொடிசுங்க மட்டுந்தான் யாவாரம் பண்ணணுமா டீச்சர்? நாங்க பண்ணினா என்னா?" என்று பெருங்குரல் பையன் ஒருநாள் கேட்டான். எனக்கும் மாம்பழக்காரரிடமிருந்து தப்பிக்க ஒரு வழி தேவைப்பட்டது. முதலுக்கு எங்கே போவது என்று பேசியபோதுதான் அலுமாரியில் சும்மா இருக்கும் வேன் காசு ஞாபகம் வந்தது. காலையில் போட்டால் பின்னேரம் இலாபத்தோடு திரும்பிவிடும், அந்த இலாபத்தில் கண்டியில் நாலு பேருக்கும் நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுக்கலாம்.

அதிபர் நிதானமான மனிதர். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "புதன்கிழமை யாவாரம், சனிக்கிழமை பயணம். போட்ட முதல் புதன் பின்னேரமே என் மேசைக்கு வரணும் டீச்சர்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வகுப்பு விழித்துக்கொண்டது. உடப்புசல்லாவைப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றி வருகிற ஒரு லொறிக்காரரிடம் லீக்ஸ், கோவா, கரட், உருளைக்கிழங்கு எல்லாம் மொத்தமாக எடுத்தோம். எவ்வளவுக்கு விற்பது என்று வகுப்பே உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. ஏற்று கூலியைச் சேர்க்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். "அழுகிப் போறதையும் சேக்கணும் டீச்சர். அழுகுனத யாரும் காசு குடுத்து வாங்க மாட்டாங்க, ஆனா நம்ம காசு குடுத்துத்தானே வாங்கினோம்?" புத்தகம் மூன்று பக்கத்தில் சொல்லாததை ஒரு வாயில் சொல்லிவிட்டாள். எல்லாம் விற்றால் இருபத்தையாயிரம் வரும், ஐயாயிரம் இலாபம் என்று முடிவானது. அவளையே காசாளராகப் போட்டோம்.

புதன்கிழமை வந்தது. மழை பெய்யவில்லை, அதுவே பெரிய விஷயம். பகல் கொழுந்தை நிறுத்துவிட்டுப் பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அப்படியே சந்தைக்கு வந்தார்கள். தராசில் நின்ற பையன் முதல் ஆளுக்குக் கரட் நிறுத்தான். தராசு இரண்டு கிலோ காட்டியது. அவனோ, "ஒன்றரைக் கிலோ!" என்று கூவினான். ஏனடா என்று ஓடிப்போய்க் கேட்டேன். "ஈரமா இருக்குல்ல டீச்சர். ஈரத்துக்கு அரைக்கிலோ கழிச்சாச்சு." கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஈரத்துக்கும் கூடைக்கும் என்று எடையைக் கழிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, நிறுப்பது என்றாலே கழிப்பது என்று நினைத்திருக்கிறான். சுற்றி நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அப்படியே கழி ராசா! இத்தன வருசம் நம்மகிட்ட கழிச்சதுக்கு நீயாவது திருப்பிக் குடு!" என்றார் ஒருவர். முதல் ஆளிலேயே பிடித்ததால் தப்பித்தோம்.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்திருந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கோவாவை எடுத்து, விலை கேட்டார். பெருங்குரல் பையன் மிகுந்த மரியாதையோடு, "ஐயாவுக்குச் சம்பளம் எத்தனாந் தேதிங்க?" என்று கேட்டான். அவர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். பையனுக்கு நாடகம் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து நானும் பல்லைக் காட்டினேன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இரண்டு மணிக்குள் மேசைகள் வெறுமையாகிவிட்டன. ஓர் இலை மிச்சமில்லை. பெருங்குரல் பையன் கரும்பலகையில் இலாபம் ஐயாயிரம் என்று கொட்டை எழுத்தில் எழுதினான். வகுப்பே கை தட்டியது. நானும் தட்டினேன். காசாளர் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எண்ணிப் பார்த்தேன். ஆறாயிரத்து நானூறு ரூபா இருந்தது.

"மிச்சம் எங்கே?"

"சம்பளத்துக்கு டீச்சர்."

"என்னது?"

"சம்பளத்துக்குத் தாரேன்னு சொல்லி வாங்கிட்டுப் போயிட்டாங்க டீச்சர்."

தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி. நாங்கள் சந்தை வைத்ததோ மாதத்தின் முதல் வாரம். யார் கையிலும் காசு இருக்காது என்பது அந்த மலையில் எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியவில்லை. டின்னில் இருந்த ஆறாயிரத்து நானூறும் ஆசிரியர்களும் அதிகாரியும் இன்னும் சிலரும் கொடுத்தது.

"சம்பளத்துக்குக் கொடுக்கச் சொல்லி யார் சொன்னது?" என்று கத்தினேன்.

"யாரும் சொல்லல டீச்சர்" என்றாள் அவள், உண்மையிலேயே புரியாமல். "சாமான் வாங்குறதுன்னா எப்பவும் அப்படித்தானே?"

"யார் யாருக்கு என்னென்ன கொடுத்தீங்கன்னாவது எழுதினீங்களா?"

பெருங்குரல் பையன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "எதுக்கு டீச்சர் எழுதணும்? எல்லாம் நம்ம ஆளுங்கதானே?"

அந்தப் பெண் கரும்பலகையைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள், மறுபடி கரும்பலகையைப் பார்த்தாள். சனிக்கிழமையும் வேனும் அவளுக்கு அப்போதுதான் சேர்ந்து புரிந்தன என்று நினைக்கிறேன். "லாபம் இருக்கு" என்றாள் மெதுவாக. "காசு எங்க டீச்சர்?"

பல்கலைக்கழகத்தில் ஒரு தவணை முழுக்கப் படித்ததை அவள் ஒரு வரியில் கேட்டுவிட்டாள். ஆனால் அன்றைக்கு அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. அதிபர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப சனிக்கிழமைக்கு என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். என்னிடமும் அவ்வளவு காசு இல்லை. எங்கள் சம்பளம் வர இன்னும் இரண்டு வாரம் கிடந்தது. ஆசிரியர் அறையில் ஒருவர், "எழுதாமக் குடுத்த காசா? வந்த மாதிரித்தான்" என்று தேத்தண்ணியை உறிஞ்சினார். அவர் மேல் வந்த கோபத்தை அடக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் வகுப்பில் பெருங்குரல் பையன் ஒரு யோசனையோடு வந்தான். "டீச்சர், சும்மா எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்? கடையில நூறு ரூபா சாமான் சம்பளத்துக்குன்னா நூத்தஞ்சு. நாங்களும் நூத்துக்கு அஞ்சு கூட வாங்குவோம். இன்னும் லாபம் வரும்ல?"

சரி, பாடமாகவாவது ஆகட்டும் என்று, "ஒரு வாரம் பொறுக்க நூற்றுக்கு ஐந்து. அப்படியானால் ஒரு வருஷத்துக்கு எவ்வளவு வட்டி? போடுங்கள் பார்க்கலாம்" என்றேன். ஐம்பத்திரண்டு வாரத்தை ஐந்தால் பெருக்கினார்கள். இருநூற்று அறுபது. பலர் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அழித்து மறுபடி போட்டார்கள். மறுபடியும் அதேதான் வந்தது.

"நூறு ரூபாய்க்கு இருநூத்தறுபது ரூபா வட்டியா?" பெருங்குரல் பையனின் குரல் முதல் தடவையாகச் சின்னதாக இருந்தது. "அஞ்சு ரூபாதானேன்னு எங்க அம்மா ஒண்ணும் சொல்லாமக் குடுக்கும் டீச்சர்."

யாரோ ஒருவன், "அப்ப நாமளும் வாங்குவோமா?" என்று கேட்டான். "எங்க அம்மாகிட்டயேவா? வேணாம்டா" என்று பெருங்குரல் பையனே தன் யோசனையை அடித்துப் போட்டான். அந்தப் பாடத்தை நான் படிப்பித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அவர்களாகவே போட்டார்கள், அவர்களாகவே முகம் சுளித்தார்கள்.

அன்று பின்னேரம் அந்தப் பெண்ணையும் பெருங்குரல் பையனையும் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனேன், வேன்காரரிடம் பயணத்தை வேண்டாம் என்று சொல்வதற்காக. பொய் சொல்வானேன், வழி முழுக்க அவள் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உதடுகளை அசைத்துக்கொண்டே வந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

வேன்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் தலையைச் சொறிந்தார். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். எனக்கும் புள்ளைங்கள ஏத்திட்டுப் போக ஆசதான். ஆனா டீசல் அடிக்கிற எடத்துல சம்பளத்துக்குத் தாரேன்னு சொன்னா குழாயப் புடுங்கிருவான்."

"அண்ணே" என்றாள் அவள். அவ்வளவு நேரம் அடக்கியது அழுகை இல்லை, கணக்கு. "கண்டிக்குப் போயிட்டு வர டீசலுக்கு எம்புட்டு ஆகும்?"

"ஐயாயிரம் போயிரும் பிள்ள."

"அப்ப அந்த ஐயாயிரந்தான் உங்க கையிலருந்து போற காசு. மிச்சம் பதினஞ்சாயிரம், உங்க ஒழைப்பும் வண்டிக்குள்ளதும் லாபமும். கையிலருந்து போறத இப்பயே தாரோம். மிச்சத்தப் பத்தாந் தேதி தாரோம்."

வேன்காரர் துணியைத் தோளில் போட்டார். "வண்டிக்கு லீசிங் கட்டணுமே, அத யாரு கட்டுறது?"

"எத்தனாந் தேதி கட்டணும்?"

"பதினஞ்சு."

"அதுக்கு முந்தியே பத்து வந்துருமே அண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு வேனைப் பார்த்தார். அப்புறம் பஜாரே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். "இந்தப் பிள்ளைய எதுக்கு டீச்சர் கண்டிக்குக் கூட்டிட்டுப் போறீங்க? இங்கயே ஒரு பினான்ஸ் கம்பனி தெறந்து குடுத்துருங்க. சனிக்கிழம வெள்ளன வந்துருவேன், புள்ளைங்கள ரெடியா நிக்கச் சொல்லுங்க." டின்னிலிருந்து ஐயாயிரத்தை அவள் எண்ணிக் கொடுத்தாள். பஸ்ஸுக்குத் திரும்பும்போது பெருங்குரல் பையன் அவளைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தான். எனக்கும் அடிக்கலாம் போலத்தான் இருந்தது, டீச்சர் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை போனோம், வந்தோம். மிச்சமிருந்த ஆயிரத்து நானூறில் சாப்பாட்டை முடித்துக்கொண்டோம். பரிசு கிடைத்ததா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். அந்தப் பெண்ணுக்குத் திறமைச் சான்றிதழ் கிடைத்தது. பெரிய பாடசாலைப் பிள்ளைகளுக்கு நடுவில், தமக்கையின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய் நின்று வாங்கிய சான்றிதழ். எனக்கு அது போதும். ஆனால் நான் சொல்ல வந்த பெருமை அதுவல்ல.

பத்தாம் திகதி வந்தது. சம்பளக் காசை பஜாரில் மெஷினில் எடுத்துக்கொண்டு எல்லாரும் பஸ்ஸில்தான் தோட்டத்துக்குத் திரும்புவார்கள். அதனால் பஸ் நிற்குமிடத்தில் பிள்ளைகள் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தார்கள். யார் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதி வைக்காவிட்டாலும், மொத்தம் எவ்வளவு வர வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். இருபத்தையாயிரத்துக்குச் சாமான், ஓர் இலை மிச்சமில்லை, கையில் வந்தது ஆறாயிரத்து நானூறு. ஆகவே பதினெட்டாயிரத்து அறுநூறு வர வேண்டும். அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள்.

நான் சற்றுத் தள்ளி நின்றேன். வேன்காரரும் வந்து வேனை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

முதல் பஸ் வந்தது. இறங்கியவர்கள் நேரே மேசைக்கு வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. "லீக்ஸ் ஒரு கட்டு, கோவா ஒண்ணு, எம்புட்டுடா தம்பி?" "கெழங்கு ரெண்டு கிலோ." "எங்க மாமியா வாங்கினதையும் சேத்து எடு." ஒரு பெண்மணி பெருங்குரல் பையனோடு சண்டையே பிடித்தார். "மூணு கட்டு வாங்கினேன்டா, நீ என்னா ரெண்டு கட்டுக்கு மட்டும் எடுக்கிற?" "ரெண்டுதான் பெரியம்மா! மூணாவது கட்டு வேணாம்னு நீங்கதானே திருப்பிக் குடுத்தீங்க!" கூடக் கொடுப்பேன் என்று ஒருவர் மல்லுக்கு நிற்க, வாங்க மாட்டேன் என்று இன்னொருவன் மல்லுக்கு நின்ற வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 'வந்த மாதிரித்தான்' என்று சொன்ன ஆசிரியரை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போல இருந்தது.

பதினைந்தாயிரம் சேர்ந்ததும் அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு வேனடிக்குப் போனாள். வேன்காரர் எண்ணாமல் சட்டைப்பைக்குள் போட, அவள் விடாமல் எண்ண வைத்தாள். அவள் திரும்பி வருவதற்குள் இன்னொரு பஸ் வந்து போய்விட்டது.

கடைசியில் எல்லாவற்றையும் எண்ணினார்கள். வேன்காரருக்குக் கொடுத்ததையும் சேர்த்துப் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.

"முந்நூத்திருவது ரூபா கூட!" பெருங்குரல் பையன் மேசையில் தாளம் போட்டான். "கூடுதல் லாபம் டீச்சர்!"

நானும் சிரித்துவிட்டேன். சிரிக்காதது அவள் ஒருத்திதான். உள்ளங்கையைப் பார்த்தாள். "கொறைஞ்சாத்தான் தப்பா? கூட வந்தாலும் தப்புத்தான் டீச்சர். யாரோ ஒரு ஆளோட காசு நம்மகிட்ட வந்துருச்சு."

விட்டுவிடு பிள்ளை, நேரமாகிறது என்று சொல்ல வாய் எடுத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை. அவள் எல்லாரையும் உட்கார வைத்து, யார் யார் வந்தார்கள், யார் எதற்குக் கொடுத்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தாள். எழுதாமல் விற்ற பிள்ளைகளுக்கு ஒருவர் விடாமல் எல்லாம் ஞாபகம் இருந்தது. எல்லாம் சரியாக வந்தது. கடைசியில் பெருங்குரல் பையன்தான் தலையில் கை வைத்தான். "உங்க அம்மா! நீ வேனுகிட்ட நின்னப்ப வந்தாங்க. லீக்ஸ் ரெண்டு கட்டு, நூத்தியம்பது... இல்ல, நூத்தியெம்பது. ஐநூறு ரூபா தாளக் குடுத்துட்டு, அடுப்புல வேல கெடக்குன்னு மிச்சம் வாங்காமயே ஓடிட்டாங்க."

ஐந்நூறில் நூற்றியெண்பது போக முந்நூற்று இருபது.

காசை எடுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தோம். நானும் போனேன், கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. லயம் என்றால் ஒரே கூரை, வரிசையாக வீடுகள், வீட்டுக்கு வீடு ஒரே சுவர். அவள் அம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறிப்போய் எழுந்தார். "வாங்க டீச்சர், உள்ளுக்கு வாங்க. என்னாச்சு? கொறைஞ்சிருச்சா?"

மகள் காசை நீட்டினாள். "உங்க மிச்சம்மா."

அவர் வாங்கவில்லை. மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். "மலையில எல்லாரும் பேசிக்கிட்டாங்க டீச்சர். எழுதாமக் குடுத்துருச்சுங்க, எப்படியும் கொறையும்னு. கொறைஞ்சா காசு வச்சிருந்த பிள்ளயத்தானே சொல்லுவாங்க? கணக்குல கெட்டிக்காரின்னு கண்டி வரைக்கும் போயிட்டு வந்த பிள்ள. கணக்கு தப்பிருச்சுன்னு ஒருத்தர் வாயால கேக்க எனக்கு முடியாது. அதான் இருந்தத வச்சுட்டு வந்தேன்."

சம்பளம் கைக்கு வந்த அன்றே அதில் முந்நூற்று இருபதை ஒரு பேச்சும் இல்லாமல் விட்டுக் கொடுக்க வேண்டுமென்றால், அந்த வீட்டில் அது எத்தனை நாள் மாவுக்கும் சீனிக்கும் ஆகும் என்பது எனக்கு அப்போது தெரியும்.

மகள் அசையவில்லை. கண் கலங்கியிருந்தது, ஆனால் நீட்டிய கை அப்படியே இருந்தது. "கொறையலம்மா. ஒரு ரூபாகூடக் கொறையல. நீங்க கூடக் குடுத்ததாலதான் என் கணக்கு தப்பாப் போச்சு. எடுங்க."

அம்மா நம்பாமல் என்னிடம் திரும்பினார். "நெசமாவா டீச்சர்? எல்லாருமா குடுத்துட்டாங்க?"

"எல்லாரும்தான்" என்றேன். "ஒருத்தர் மிச்சமில்லை."

அவர் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு காசை வாங்கினார். வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, லயத்துக்கே கேட்கிற மாதிரிக் கூவினார். "கேட்டுச்சா? ஒரு ரூபா கொறையலயாம்! எங்க பிள்ள கணக்கு சரியாம்!"

பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது. "புள்ளைங்க காச வச்சுக்குவோமா நாங்க? என்னா பேச்சு இது!" அதற்கும் அடுத்த வீட்டிலிருந்து இன்னொரு குரல், "அடுத்த சந்தை எப்பன்னு டீச்சரக் கேளு!" லயம் முழுக்கச் சிரிப்பு ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பெருங்குரல் பையனின் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் அமுக்கியது.

கடைசியில் எங்கள் இலாபம் மூவாயிரத்து அறுநூறு ரூபா. அதிபரின் மேசையில் வைத்தபோது அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "இது அடுத்த சந்தைக்கு முதல்" என்றார். அதற்குப் பிறகு நடந்த சந்தைகள் எல்லாம் பத்தாம் திகதிக்கு மறுநாள்தான். அந்த மட்டுக்கு எனக்கும் கணக்கு வந்துவிட்டது.

இப்போதும் இலாப நட்டப் பாடம் வரும்போது மாம்பழக்காரரை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, அந்த உள்ளங்கைக் கணக்கைத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன்; எந்தப் பாடசாலையில் படிப்பிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து வந்த குரல்கள் காதில் கேட்க, தேவைக்கு அதிகமாகவே சத்தமாகப் பதில் சொல்கிறேன்.